நெட் அறுந்தாலும் ஃபைல் முழுதாக வருவது எப்படி?

கோவில்பட்டியில் இருக்கும் என் பெரியப்பா தபால் துறையில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் ஒரு லேப்டாப் வாங்கினார். பேரனின் படங்களைப் பெரிதாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய தேவை. வாங்கிய பத்தாம் நாள் எனக்குப் போன் வந்தது.

“ஏம்மா, நீ கம்ப்யூட்டர் இஞ்சினியர்தானே? இந்த வைஃபை நின்னு நின்னு வருது. நேத்து பேரன் போட்டோ டவுன்லோட் ஆகும்போது மூணு தடவை அப்படியே நின்னு போச்சு. ஆனா படம் முழுசா வந்திருக்கு. நடுவுல விட்டுப்போனது எல்லாம் எங்கே போச்சு? படத்துல ஓட்டை விழ வேண்டாமா?”

நல்ல கேள்வி. நான் கல்லூரியில் ‘டி.சி.பி./ஐ.பி.’ என்ற பாடத்தில் 16 மார்க் கேள்விக்குப் படம் போட்டுப் பதில் எழுதித் தேறியவள். ஆனால் பெரியப்பா கேட்டபோது சட்டென்று பதில் வரவில்லை. ‘எப்படி’ என்று படித்திருந்தேனே தவிர ‘ஏன்’ என்று யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ‘ஏன்’ ராணுவத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டு ரூட்டரில் இன்று நடக்கும் பல வேலைகள், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில், டாங்கியிலும் ஜீப்பிலும் ஓடும் கம்ப்யூட்டர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை. அதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறோம். ஆராய்ச்சியாளர்கள் தீர்த்து வைத்தது எது, நம் தலையில் விட்டது எது என்பதும் தெரிந்துவிடும்.

வண்டிச் சக்கரமும் மீன் வலையும்

1960-களின் தொடக்கம். சோவியத் ஏவுகணைகள் வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் அமெரிக்க விமானப் படையின் பெரிய கவலை. குண்டுக்குத் தப்பிய படைகளுக்குக்கூட உத்தரவு போய்ச் சேராது. ஏனென்றால் அன்றைய டெலிபோன் வலையமைப்பு மாட்டு வண்டிச் சக்கரம் போன்றது. எல்லா ஆரக்கால்களும் குடத்தில் போய்ச் சேரும். குடம் உடைந்தால் சக்கரமே இல்லை.

விமானப் படையின் பணத்தில் இயங்கிய ‘ராண்ட்’ என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் பால் பேரன் என்ற இஞ்சினியர் இதற்கு ஒரு வழி சொன்னார். சக்கரத்தை விட்டுவிட்டு மீன் வலையைப் பாருங்கள் என்பதே அவர் யோசனையின் சாரம். வலையில் நடு என்று எதுவும் இல்லை. ஒரு முடிச்சு அறுந்தாலும் பக்கத்து முடிச்சு வழியாகப் போய்விடலாம். ஒவ்வொரு முடிச்சும் மற்ற மூன்று நான்கு முடிச்சுகளோடு இணைந்திருந்தாலே போதும், பாதி அழிந்தாலும் மிச்சம் பேசிக்கொண்டே இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டே காட்டினார். செய்தியையும் முழுதாக அனுப்பாமல் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி அனுப்ப வேண்டும். எந்தத் துண்டு எந்த வழியில் போகிறது என்பது முக்கியமில்லை, கடைசியில் சேர்ந்தால் சரி. 1964-இல் இதைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். பெரிய டெலிபோன் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி.யின் இஞ்சினியர்கள் இது நடக்காத காரியம் என்றார்கள்.

ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனியாக இதே யோசனைக்கு வந்தார். துண்டுக்கு ‘பாக்கெட்’ என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘அணுகுண்டுப் போரைத் தாங்குவதற்காகத்தான் இண்டர்நெட்டை உருவாக்கினார்கள்’ என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். பேரனின் ஆராய்ச்சி அதற்காகத்தான். ஆனால் 1969-இல் ஓடத் தொடங்கிய ஆர்பாநெட், பல்கலைக்கழகங்கள் தங்கள் விலையுயர்ந்த கம்ப்யூட்டர்களைப் பகிர்ந்துகொள்வதற்காகப் போடப்பட்டது. பாக்கெட் என்ற யோசனை இரண்டுக்கும் பொது. அதனால் இரண்டு கதைகளும் ஒட்டிக்கொண்டன.

வேனில் ஒரு கம்ப்யூட்டர்

ஆர்பாநெட்டுக்குப் பணம் கொடுத்தது ‘ஆர்பா’ என்ற பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பு. ரஷ்யா 1957-இல் ஸ்புட்னிக்கை விட்ட அதிர்ச்சியில் 1958-இல் தொடங்கப்பட்டது. 1972-இல் இதன் பெயர் ‘டார்ப்பா’ ஆனது.

ஆர்பாநெட்டில் கம்ப்யூட்டர்கள் கட்டடங்களுக்குள் இருந்தன. அவற்றை இணைத்தவை வாடகைக்கு எடுத்த டெலிபோன் லைன்கள். வழியில் பாக்கெட் தொலையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நெட்வொர்க்கே ஏற்றுக்கொண்டது. இரண்டு முனைகளிலும் இருந்த பெரிய கம்ப்யூட்டர்கள் அதை நம்பி நிம்மதியாக இருந்தன. அதையும் மீறி ஒரு பாக்கெட் தொலைந்தால் என்ன செய்வது என்று அவற்றுக்குத் தெரியாது. வேலை அப்படியே நின்றுவிடும்.

போர்க்களத்தில் இந்த நிம்மதி இல்லை. ஓடும் ஜீப்புக்குப் பின்னால் டெலிபோன் கம்பி இழுத்துக்கொண்டு போக முடியாது. ரேடியோதான் ஒரே வழி. ரேடியோவோ மலை மறைத்தால் கேட்காது, பாலத்துக்கு அடியில் போனால் கேட்காது, எதிரி வேண்டுமென்றே இரைச்சல் எழுப்பினாலும் கேட்காது. டார்ப்பாவில் இருந்த பாப் கான் என்பவர் ‘பாக்கெட் ரேடியோ’ திட்டத்தைத் தொடங்கியபோது முன்னால் நின்ற சிக்கல் இதுதான். கூடவே செயற்கைக்கோள் நெட்வொர்க் ஒன்றும் வந்துகொண்டிருந்தது. ஆக மூன்று நெட்வொர்க்குகள், மூன்றும் மூன்று விதம். இவற்றை ஒன்றாக இணைக்க வேண்டும்.

கானும் விண்ட் செர்ஃப் என்பவரும் சேர்ந்து 1974 மே மாதம் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் உள்ள முக்கிய முடிவை என் பாஷையில் சொல்வதானால் இப்படி: நடுவில் இருக்கும் நெட்வொர்க்கை நம்பாதே. அது தன்னால் முடிந்ததைச் செய்யும்; தொலைத்தும் விடும். சரிபார்க்கிற வேலையை அனுப்புகிறவனும் வாங்குகிறவனுமே செய்துகொள்ளட்டும்.

பெரியப்பாவுக்கு இதைச் சொல்ல எனக்குச் சிரமமே இருக்கவில்லை. “உங்க காலத்து ரிஜிஸ்டர் தபால்தான் பெரியப்பா” என்றேன். “அக்னாலட்ஜ்மெண்ட் கார்டு ஒட்டி அனுப்புவீங்க இல்லையா? கையெழுத்துப் போட்ட கார்டு திரும்பி வந்தால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வரவில்லை என்றால்?”

“திரும்ப ஒரு காப்பி எடுத்து அனுப்பணும். அதுக்குத்தான் ஒரிஜினல கையில வச்சுக்கிறது.”

அதேதான். டி.சி.பி. என்பது இதையே கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பது. உங்கள் பேரன் படம் 5 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட்டில் ஏறக்குறைய 1,460 பைட் போகும். அப்படியானால் அந்தப் படம் சுமார் 3,400 பாக்கெட்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொன்றிலும் ‘படத்தில் நான் இந்த இடத்துத் துண்டு’ என்று ஓர் எண் இருக்கும். வழியில் எழுத்து சிதைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கூட்டுத்தொகையும் இருக்கும். இதற்கு ‘செக்சம்’ என்று பெயர். உங்கள் லேப்டாப் வாங்கியதற்கெல்லாம் கார்டு போட்டுக்கொண்டே வரும். கார்டு வராத துண்டை அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். முன்னால் பின்னால் மாறி வந்தவற்றை லேப்டாப் எண் பார்த்து அடுக்கிக்கொள்ளும். ஆகவே நடுவில் விட்டுப்போனது எங்கும் போகவில்லை. மறுபடி கேட்டு வாங்கப்பட்டுவிட்டது.

சரி, வேனுக்கு வருவோம். கலிபோர்னியாவில் உள்ள எஸ்.ஆர்.ஐ. என்ற ஆராய்ச்சி நிறுவனம் ரொட்டிக் கடை டெலிவரி வண்டி போன்ற ஒரு பெரிய வேனை வாங்கி, உள்ளே பாக்கெட் ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் பொருத்தியது. அந்தப் பகுதி மலை உச்சிகளில் ரேடியோவை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர்களை வைத்தார்கள். ரேடியோவின் வேகம் விநாடிக்கு 100 அல்லது 400 கிலோபிட்.

1976 ஆகஸ்ட் 27 அன்று இந்த வேனை போர்ட்டோலா வேலி என்ற ஊரில் உள்ள ‘ரொசாட்டிஸ்’ என்ற பீர் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். வேனிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, வெளியே கிடந்த மர மேஜையில் ஒரு டெர்மினலை வைத்து, தங்கள் வாராந்திர அறிக்கையை டைப் செய்து அனுப்பினார்கள். அது ரேடியோ நெட்வொர்க்கில் கிளம்பி ஆர்பாநெட்டுக்குள் நுழைந்தது. இரண்டு வேறு வேறு நெட்வொர்க்குகளைத் தாண்டிப் போன கடிதம். ஆபீஸ் அறிக்கையைப் பீர் கடையில் உட்கார்ந்து அனுப்பியவர்களில் இவர்கள்தான் முன்னோடிகள் என்று நினைக்கிறேன்.

உண்மையான பரீட்சை 1977 நவம்பர் 22 அன்று நடந்தது. இந்த முறை வேன் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து புறப்பட்ட பாக்கெட்டுகள் போக வேண்டிய இடம் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம். நேராகப் போனால் சுமார் 600 கிலோமீட்டர். ஆனால் நேராக விடவில்லை. ரேடியோவில் கிளம்பி, ஆர்பாநெட்டில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, கடல் தாண்டி நார்வே, லண்டன் போய், செயற்கைக்கோள் வழியாகத் திரும்ப அமெரிக்கா வந்து சேர்ந்தன. செயற்கைக்கோள் பூமிக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. ஏறி இறங்கவே கால் விநாடி ஆகும். இத்தனை சுற்றியும் செய்தி ஒரு பிட்கூடக் குறையாமல் வந்து சேர்ந்தது.

அந்த வேன் இன்று கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் இந்த டி.சி.பி./ஐ.பி. முறைக்கு மாறியது. இன்று உங்கள் லேப்டாப்பில் இருப்பது அதன் வாரிசுதான். (யூடியூப் போன்ற சில தளங்கள் இப்போது ‘குவிக்’ என்ற புதிய முறையைப் பயன்படுத்துகின்றன. அதிலும் எண் போடுவது, கார்டு வாங்குவது, திரும்ப அனுப்புவது எல்லாம் அப்படியே உண்டு.)

நீங்களே செய்து பாருங்கள்

இனி ஒரு செய்முறை. விண்டோஸ் உள்ள லேப்டாப் வேண்டும். வைஃபையில் இணைந்திருக்க வேண்டும்.

ஸ்டார்ட் பட்டனைத் தட்டி, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பாக ஒரு விண்டோ வரும். பயப்பட வேண்டாம், இதில் நாம் செய்யப்போவதால் எதுவும் கெடாது. அதில் பி, ஐ, என், ஜி என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, மைனஸ் குறியும் டி எழுத்தும் சேர்த்து அடித்து, மறுபடி இடம் விட்டு 8.8.8.8 என்று அடியுங்கள். என்டர் தட்டுங்கள். 8.8.8.8 என்பது கூகுள் நிறுவனத்தின் ஒரு சர்வர். உங்கள் லேப்டாப் விநாடிக்கு ஒரு முறை ‘இருக்கிறாயா?’ என்று அதைக் கேட்கும். ‘இருக்கிறேன்’ என்று பதில் வரும்போதெல்லாம் ஒரு வரி தோன்றும். போய் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்றும் அந்த வரியில் இருக்கும்.

இப்போது இன்னொரு பக்கம் பிரவுசரில் ஏதாவது பெரிய ஃபைலை, 200 எம்.பி. இருந்தால் நல்லது, டவுன்லோட் செய்ய ஆரம்பியுங்கள். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரூட்டரை விட்டு நடங்கள். சமையலறை, கொல்லைப்புறம், மொட்டை மாடிப் படிக்கட்டு. வேன் இருக்கிற இடத்தில் நீங்கள்.

எங்கோ ஓர் இடத்தில் கறுப்பு விண்டோவில் மில்லிசெகண்ட் எண்ணிக்கை எகிறும். இன்னும் இரண்டு அடி நடந்தால் ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வரும். அந்தப் பாக்கெட் தொலைந்துவிட்டது. உடனே பிரவுசரைப் பாருங்கள். டவுன்லோட் வேகம் குறைந்திருக்கும் அல்லது நின்றிருக்கும். நாலடி திரும்பி வாருங்கள். இரண்டும் உயிர் பெறும். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு சி தட்டினால் பிங் நின்று, எத்தனை போயின, எத்தனை வந்தன, எத்தனை தொலைந்தன என்று கணக்குச் சொல்லும்.

பிங் கணக்கில் பத்துப் பாக்கெட் தொலைந்திருக்கலாம். டவுன்லோட் ஆன ஃபைலில் ஒரு பைட்கூடக் குறையாது. ஏன்? பிங் என்பது சாதாரணத் தபால். அது டி.சி.பி. வழியாகப் போவதில்லை, தொலைந்ததைத் திரும்ப அனுப்ப ஆள் கிடையாது. நெட்வொர்க் எவ்வளவு மோசம் என்பதை அது உள்ளது உள்ளபடி காட்டுகிறது. பக்கத்திலேயே ஓடும் டவுன்லோட் ரிஜிஸ்டர் தபால். அதே மோசமான நெட்வொர்க்கின் மேல்தான் அது முழுதாக வந்து சேர்கிறது. புத்தகத்தில் பல பக்கம் படித்தும் எனக்கு ஏறாதது, பெரியப்பா வீட்டுக் கொல்லையில் லேப்டாப்போடு நின்றபோதுதான் ஏறியது.

ரொம்ப நேரம் அறுந்தே கிடந்தால் டி.சி.பி.யும் சோர்ந்துபோய் விட்டுவிடும். அப்போது பிரவுசர் ‘ஃபெயில்டு’ என்று சொல்லும். ரெஸ்யூம் செய்ய முடிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் முதலிலிருந்துதான்.

எல்லோரும் விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பினால் நெரிசல் ஆகாதா என்று கேட்கலாம். ஆனது. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவில், 400 கஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டுக்கு விழுந்தது. நடந்து போய்க் கொடுத்திருந்தால் சீக்கிரம் ஆகியிருக்கும். வான் ஜேக்கப்சன் என்பவர் இதை ஆராய்ந்து, கார்டு வரத் தாமதமானால் அனுப்புகிறவர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988-இல் வெளியிட்டார். நீங்கள் டவுன்லோட் செய்யும்போது வேகம் மெல்ல ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறுவதைக் கவனித்திருந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒட்டாத கவர்

இதுவரை சொன்னது எல்லாம் ‘சேருமா’ என்ற கேள்விக்குப் பதில். ‘வேறு யாராவது படிப்பார்களா’ என்பது வேறு கேள்வி. 1977-இல் அந்த வேனிலிருந்து கிளம்பிய டி.சி.பி. பாக்கெட்டில் அதற்குப் பதில் இல்லை. எண் இருந்தது, முகவரி இருந்தது, கூட்டுத்தொகை இருந்தது. பூட்டு இல்லை.

ராணுவத்துக்கு இது தெரியாமல் இல்லை. ரகசியச் செய்திக்குத் தனியாக சங்கேத இயந்திரங்கள் இருந்தன. 1970-களின் நடுவில் அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. உளவு அமைப்போடு சேர்ந்து இண்டர்நெட்டின் பாதுகாப்பான வடிவம் ஒன்றில் வேலை செய்ததாக விண்ட் செர்ஃப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தத் தொழில்நுட்பம் ரகசியம் என்பதால் பல்கலைக்கழக நண்பர்களோடு அதைப் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. ஆகவே வெளியே வந்த டி.சி.பி./ஐ.பி. ஒட்டாத கவராகவே வந்தது. அதே பணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று மட்டும் நம் வீட்டுக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக் குறையின் இன்னொரு பக்கம் 1988 நவம்பர் 2-இல் தெரிந்தது. ஒரு மாணவர் விட்ட ‘மோரிஸ் வோர்ம்’ தானே பரவிக்கொண்டு ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைத் திணறடித்தது. அதே மாதம் டார்ப்பா பணம் கொடுத்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ‘செர்ட்’ என்ற அவசர உதவி மையத்தைத் தொடங்கியது. கவருக்கு ஒட்டும் பசை வெளியுலகத்துக்கு 1995 வாக்கில்தான் வந்தது. நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனி ‘எஸ்.எஸ்.எல்.’ முறையைக் கொண்டுவந்தது. அதுவே டி.எல்.எஸ். என்று பெயர் மாறி, இன்று முகவரியின் தொடக்கத்தில் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்று வரும்போது வேலை செய்கிறது. கடைசி எஸ்-தான் பசை. அது இருந்தால் வழியில் இருப்பவர், அது டீக்கடை வைஃபை வைத்திருப்பவராகவே இருந்தாலும், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை ஊகிக்கலாம். உள்ளே அடித்த பாஸ்வேர்டைப் படிக்க முடியாது.

இதையும் பெரியப்பாவுக்குச் சொன்னேன். ‘பூட்டுப் படம் இருந்தா பயமில்லை’ என்று நோட்டில் எழுதிக்கொண்டார். நான் அரைகுறையாகச் சொன்னது அது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கரண்ட் பில் பாக்கி, இரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே கட்ட இந்த லிங்கைத் தட்டவும். லேப்டாப்பில் திறந்தார். எச்.டி.டி.பி.எஸ். இருந்தது. பூட்டும் இருந்தது. கார்டு நம்பர் போட்டார், ஓ.டி.பி. வந்தது, அதையும் போட்டார். 24,000 ரூபாய் போனது. “நீ சொன்ன மாதிரி பூட்டைப் பார்த்துட்டுத்தாம்மா போட்டேன்” என்று மறுநாள் காலையில் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எல்லாம் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. வழியில் யாரும் படிக்கவில்லை. ஒரு பிட்கூடக் குறையாமல் அவர் கார்டு நம்பர் திருடன் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பொய் சொல்லும் தளபதி

நம்பிக்கையான கம்ப்யூட்டர் ஆராய்ச்சியில் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. எதிர்முனையில் இருப்பவரே பொய் சொன்னால்?

இதற்கும் ராணுவப் பணத்தில் ஆராய்ச்சி நடந்தது. அதே எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் மூவரும் 1982-இல் ‘பைசாண்டைன் தளபதிகள்’ என்ற கணக்கை வெளியிட்டார்கள். பணம் கொடுத்தவர்களில் நாசாவும் இருந்தது, அமெரிக்கத் தரைப்படையின் ஏவுகணைத் தற்காப்புப் பிரிவும் இருந்தது. ஏவுகணையைத் தடுக்கும் கம்ப்யூட்டர்களில் ஒன்று பழுதாகி, ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் வேறொன்றும் சொன்னால் விபரீதம் ஆகிவிடும் அல்லவா?

கணக்கு இதுதான். மூன்று படைகள் ஒரு கோட்டையைச் சூழ்ந்திருக்கின்றன. தூதுவர் மூலம் வாய்மொழியாக மட்டும் பேச முடியும். மூவரில் ஒருவர் துரோகி. தலைமைத் தளபதி என்னிடம் ‘தாக்கு’ என்கிறார். இரண்டாவது தளபதியோ ‘அவர் என்னிடம் பின்வாங்கு என்றாரே’ என்கிறார். பொய் சொல்வது தலைவரா, இரண்டாமவரா? எனக்குத் தெரிய வழியே இல்லை. ஒரு துரோகி இருந்தால் குறைந்தது நான்கு பேர் வேண்டும் என்று நிரூபித்தார்கள். ஆனால் வாய்மொழிக்குப் பதில், யாராலும் போலி செய்ய முடியாத கையெழுத்துப் போட்ட ஓலை அனுப்பினால் நிலைமை மாறிவிடும். தலைவர் இரண்டு விதமாக எழுதினால் அவர் கையெழுத்தே அவரைக் காட்டிக் கொடுக்கும். இரண்டாமவர் மாற்றிச் சொல்லவும் முடியாது.

இந்தக் கையெழுத்து ஓலை உங்கள் பிரவுசருக்குள்ளும் இருக்கிறது. எச்.டி.டி.பி.எஸ். தளம் ஒவ்வொன்றும் ‘சர்டிபிகேட்’ ஒன்றை நீட்டும். ‘இந்தப் பெயருள்ள தளம்தான் இது’ என்று ஒரு நம்பகமான அமைப்பு கையெழுத்துப் போட்டிருக்கும். உங்கள் பிரவுசர் அதைச் சரிபார்த்த பிறகுதான் பேசவே தொடங்கும். ஆனால் நன்றாகக் கவனியுங்கள். அந்தக் கையெழுத்து பெயருக்குத்தான். நாணயத்துக்கு இல்லை. திருடன் தானே ஒரு பெயரைப் பதிவு செய்து, அந்தப் பெயருக்குச் சர்டிபிகேட் வாங்கினால் அதுவும் உண்மையான சர்டிபிகேட்தான். 2015 இறுதியிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. பூட்டைப் பார்த்தாலே நல்ல தளம் என்று மக்கள் நினைத்துவிடுகிறார்கள் என்பதால் குரோம் பிரவுசர் 2023-இல் கம்ப்யூட்டரில் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு, இரண்டு கோடும் இரண்டு வட்டமும் உள்ள ஒரு படத்தை வைத்தது.

ஆக, பாக்கெட் தொலைவதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். யாரும் படிக்காமலும் பார்த்துக்கொள்ளும். பெயர் மாறாமல்கூடப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பெயர் நீங்கள் போக நினைத்த இடத்தின் பெயர்தானா என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது. அதற்கு உங்கள் கண்தான் வேண்டும்.

முகவரியைப் படிக்கும் முறை

முகவரிப் பட்டையில் கிளிக் செய்து முழு முகவரியையும் வரவழையுங்கள். முதலில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடது பக்கமாக, பின்னோக்கிப் படியுங்கள். வீட்டு விலாசத்தில் ஊர் கடைசியில் வருவது போல, இங்கேயும் முக்கியமானது கடைசியில்தான் வரும். ‘உங்கள்வங்கி.காம்’ என்று முடிந்தால் அது அந்தப் பெயருக்கு உரியவரின் இடம். ‘உங்கள்வங்கி.காம்.பில்கட்ட.டாப்’ என்று இருந்தால் அது ‘பில்கட்ட.டாப்’ என்ற யாரோ ஒருவரின் இடம். முன்னால் வங்கியின் பெயரை அவர் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம், தடுக்க முடியாது.

இந்திய வங்கிகளுக்கு இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்த முடிவை வங்கிகள் மட்டுமே வாங்க முடியும். ஆகவே வங்கித் தளம் என்று சொல்லிக்கொள்ளும் பக்கத்தின் பெயர் இப்படி முடிகிறதா என்று பாருங்கள். அரசுத் தளம் என்றால் ‘.ஜிஓவி.இன்’. இதைவிட எளிய வழி, செய்தியில் வந்த லிங்கைத் தட்டாமல், முகவரியை நீங்களே டைப் செய்து ஃபேவரிட்ஸில் போட்டுவைத்துக்கொண்டு எப்போதும் அதன் வழியாகப் போவது.

அப்படியும் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் அதை முடக்க முயல்வார்கள். அதனால் அரை மணி நேரமும் முக்கியம். பெரியப்பா வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய 24,000 ரூபாய் இன்னும் வரவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பக்கத்தில் கார்டு நம்பர் கேட்டாலும் எனக்குப் போன் செய்து முகவரியைப் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டுகிறார். 36 வருடம் பின்கோடு பார்த்துப் பிரித்த கண். போன வாரம் ஒரு தளத்தின் பெயரில் ‘எல்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘1’ இருந்ததை, நான் கவனிப்பதற்கு முன்பே அவரே சொல்லிவிட்டார்.